ஷேடு எண் இல்லாத ஊதா

எங்கள் தெரு போர்வெல்லில்
உப்பு இருக்கிறது, கடல் இல்லை.
ராணிப்பேட்டைத் தோல் தொட்டிகள்
வருடக்கணக்காய் மண்ணுக்குள் இறக்கிய உப்பு.
அதை மூன்று வடிகட்டிகளில் ஏற்றி
மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை களைந்து
அதே வாளியில்
டப்பாவில் வந்த கடலுப்பை அளந்து போடுகிறேன்.
பல்கீஸ் பாத்திரம் விளக்கியபடி கேட்டாள்:
எடுத்ததும் உப்பு, போட்டதும் உப்பு,
நடுவுல எதுக்கு இவ்ளோ கரண்ட் பில்லு?

அது ஆட்டுத்தோலின் உப்பு, இது மீனின் உப்பு என்று
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
செடி வளராத அந்தக் கழிவுத் தண்ணீரில்
அவள் வாசல் கழுவிக்கொள்கிறாள்.
அந்த உடன்படிக்கையில்தான்
மேல்விஷாரத்தில், எங்கள் கூடத்தில்
நாலடி நீளத்துக்கு ஒரு கடல் நிற்கிறது.

பகலில் சாயம் சேர்ப்பவன் நான்.
மிலானிலிருந்து விரலகலத் தோல்துண்டு வரும்,
இதே சிவப்பு வேண்டும் என்று.
ஒரு துளி கறுப்பு, இரு துளி மஞ்சள்,
ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை
டியூப்லைட்டில் ஒருமுறை.
மாலைக்குள் எண்ணூறு தோலில்
அந்தச் சிவப்பு ஏறியிருக்கும்.
இருபத்திரண்டு வருடத்தில்
எனக்கு மசியாத நிறமில்லை.

பவளம் மசியவில்லை.

கொளத்தூர் கடையில் வாங்கும்போது
கிளை நுனியெல்லாம் ஊதா.
மூன்றே மாதத்தில் சாணி வறட்டி.
கடைக்காரர் தேவசகாயம் போனில் சொன்னார்:
தண்ணில சத்து ஜாஸ்தி சார்.
உள்ள குடியிருக்கிற பாசி பெருகிப்போயி
வீட்டுக்காரனையே மறைக்குது.

குடித்தனக்காரர்களைக் காலி செய்யக் கிளம்பினேன்.
நைட்ரேட் பூஜ்யம். பாஸ்பேட் பூஜ்யம்.
மீனுக்குத் தீனி ஒருநாள் விட்டு ஒருநாள்.
நீல விளக்கு நூறு சதவீதம்.
சோதனைக் குழாயில் நிறமே வராத அன்று
ஃபினிஷிங் செக்‌ஷன் முழுக்க லட்டு கொடுத்தேன்.

அடுத்த வெள்ளி, தொழுதுவிட்டு வந்து பார்த்தால்
சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிய தோல்போல
வெளுத்துக் கிடந்தது,
எந்தச் சாயத்துக்கும் தயாராக.
ஊற்ற என்னிடம் ஒன்றுமில்லை.
அதன் நிறம் ஒருநாளும்
மேலே பூசப்பட்டதில்லை.

கத்திரி பதினோராம் நாள்.
எனக்கு இரவு ஷிப்ட்.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெருவே இருட்டு.
பல்கீஸ் எனக்குப் போன் செய்யவில்லை.
ஜூஸ் கடை ஷட்டரைத் தட்டி
ஐஸ் வாங்கிச் சுத்தியலால் உடைத்து
ரோஸ்மில்க் பாட்டில்களில் அடைத்து மிதக்கவிட்டு
விடியும்வரை குழம்புக் கரண்டியால்
அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறாள்,
காற்று சேரட்டும் என்று.

நான் வந்தபோது இருபத்தேழு டிகிரி.
கரண்டி மடியில், அவள் நாற்காலியில் தூங்கினாள்.
எழுந்ததும் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்:
நீ பட்டினி போடுற நாள்லயும்
நான் போட்டுட்டுத்தான் இருந்தேன்.
கொஞ்சமா. பத்து நாளா.
அதுங்க கண்ணாடிகிட்ட வந்து பாக்குதுங்க.

தேவசகாயத்திடம் சொன்னேன். சிரித்தார்.
மேடமே தொட்டியப் பாத்துக்கட்டும் சார்.

விளக்கைப் பாதியாகக் குறைத்தேன்.
காரம் மட்டும் தினமும் பார்ப்பேன்,
துளி துளியாய் விட்டு
நீலம் மஞ்சளாகும் அந்த ஒரு துளியை எண்ணி.
அது எனக்குத் தெரிந்த வேலை.
மற்ற நேரம் கையைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏழாம் வாரம்
ஒரு கிளையின் ஓரத்தில் நகக்கீறல் அளவு ஊதா.

கம்பெனி ஷேடு கார்டைச் சட்டைக்குள் ஒளித்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ஆயிரத்து நூறு சதுரம்.
கண்ணாடியோடு ஒட்டி ஒட்டிப் பார்த்தேன்.
நீல வெளிச்சத்தில் ஒன்று, டார்ச்சில் வேறொன்று,
காலை வெயிலில் இரண்டுமில்லை.

பல்கீஸ் எட்டிப் பார்த்தாள்.
முள்ளுக்கத்திரிப் பூவு, என்றாள்,
கார்டைப் பார்க்காமலே.

நோட்டில் தேதிக்கு நேரே
எண் எழுதும் இடத்தில் அதை எழுதினேன்.
அடிக்கிளைகள் இன்னும் வறட்டிதான்.
ஒன்று செத்தேவிட்டது, அதன்மேல் நத்தை ஊர்கிறது.

வாளி வழியுது பாரு, என்று
உள்ளிருந்து குரல்.