சேதம் என்றொரு பத்தி

விசிட் விசாவில் வந்தவளுக்கு
அஜ்மான் சனையாவில் பார்க்க என்ன இருக்கிறது?
பஞ்சர் கடை, சிமெண்ட் தூசி,
இவர் நிற்கும் பக்காலா.

பி.காம் தானே, இதைக் கொஞ்சம் பாரேன் என்று
கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டார்.
சிகரெட்டுக்கு மட்டும் தனிப் பதிவேடு:
எந்த ஏஜென்சி, என்ன தேதி, எத்தனை கார்ட்டன்,
வரி முத்திரை ஒட்டியிருந்ததா,
விற்றது, திருப்பியது, கையிருப்பு.
ஐந்து வருடத்துக்கு ஒரு தாளும் தொலையக் கூடாதாம்.

அரிசிக்கு இவ்வளவு இல்லை.
பால்பவுடர் எங்கே போனதென்று
யாரும் வந்து கேட்பதில்லை.

கூட்டிக்கொண்டே வந்தேன்.
கணக்கு எனக்குப் பிடிக்கும்,
இடப்பக்கம் கேட்டால்
வலப்பக்கம் பதில் சொல்லியாக வேண்டும்.
கடைசியில்
சேதம் என்றொரு பத்தி.
திங்கள் ஒன்று. புதன் ஒன்று.
வெள்ளிக்கிழமை இரண்டு.
எல்லாம் ஒரே பிராண்டு.

எலியா? என்றேன்.
இந்தக் கடையில் எலியே இல்லை என்றார், பெருமையாக.
ஏசித் தண்ணீர் சொட்டுதா?
அது அந்தப் பக்கம்
என்று சொல்லிவிட்டு
நேபாளிப் பையனுக்கு ரொட்டி எடுக்கப் போனார்.

விட்டுட்டேன், இனித் தொடமாட்டேன் என்று
போனில் சத்தியம் செய்த தேதி எனக்குத் தெரியும்.
ஷமீலாவுக்குப் பெயர் வைத்த நாள்.
மூன்று வருடம் ஆகிறது.
பழைய பதிவேட்டை இழுத்தேன்.

அன்றைக்கும் ஒன்று.
மறுநாள் இல்லை.
அதற்கு மறுநாளும் இல்லை.
பதினோரு கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன.
பன்னிரண்டாவதில்
தாள் கிழிய அழுத்தி எழுதிய
ஒரு ஒன்று.

பல்தியா வண்டி வந்து நின்றது.
விசிட்டில் வந்தவள் கல்லாவில் உட்காரலாமா,
எழுந்து பால்பவுடர் வரிசையில்
வாடிக்கையாளர் ஆகிவிட்டேன்.
அதிகாரி விரலை ஓட்டினார்.
முத்திரை சரி, பில் சரி, கூட்டல் சரி.
சேதம் மட்டும் ஏன் இத்தனை?

எலி சார், என்றது
இருபது வருட அரபி.

அவர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.
நான் ஒரு டப்பாவின் காலாவதி தேதியை
இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஷட்டர் இறக்கும்போது
இவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
டிக்கெட் உறையின் பின்பக்கம்
தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்:

பதினோரு நாள்.