வலது ஓரத்துத் தேதி

ஆறு மணி மழை மின்சாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்
ஏழேகாலுக்குத் திருப்பித் தந்தது.
பெட்டியை எழுப்பினேன், எழுந்தது.
ஆனால் எந்தத் தளத்தைத் தட்டினாலும்
ஒரு சிவப்பு முக்கோணம். அதன் கீழே
'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல.'

தாராவிக்கு வந்து இதைச் சொல்கிறது.
பத்துக்குப் பத்து அறை, நடுவில் பலகைச் சுவர்.
பேச்சித்தாய் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் விட்டால்
என் மனைவி எங்கள் அடுப்பை அணைக்கிறாள்.
இந்தச் சந்தில் எந்த இணைப்பு தனிப்பட்டது?

எப்சிபா நனைந்த பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.
நர்சிங் விண்ணப்பம், நள்ளிரவோடு கடைசி.
போட்டோவும் கையெழுத்தும் இந்தப் பெட்டிக்குள்.
கட்டணம் ஆயிரத்து நானூறு,
அவள் அம்மா தோல்பைக்கு ஜிப் தைத்த கூலி.

குக்கீகளைத் துடைத்தேன். உலாவியை மாற்றினேன்.
வைரஸ் காவலனைத் தூங்கவைத்து
அவன் மேல் தப்பில்லை என்று மறுபடி எழுப்பினேன்.
மோடத்தின் வயரைப் பிடுங்கி
ஊதிச் செருகினேன்.
ஊதினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்காதீர்கள்,
அந்த நேரத்தில் வாய்க்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

வடாபாவ் கடை ரஃபீக் எட்டிப் பார்த்தான்.
'கீழே சின்ன எழுத்துல "தொடரவும்"னு இருக்குல்ல,
அழுத்துங்க அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது.'

ஆகாது என்றுதான் போன தீபாவளிக்கு அழுத்தினேன்.
சுடலைமுத்துவின் பதினெட்டாயிரம்
எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததென்று
இன்றுவரை கடிதம் இல்லை.
இப்போதும் எதிரில் வந்தால்
அவர் சாலையின் அந்தப் பக்கம் நடக்கிறார்,
நான் இந்தப் பக்கம்.
விரலை எடுத்துக்கொண்டேன்.

'தள்ளுங்க' என்றாள் எப்சிபா.
முக்கோணத்தையே தட்டினாள்.
நான் பதினோரு வருடத்தில் ஒருமுறையும் தட்டியதில்லை.
உள்ளே ஒரு சான்றிதழ் விரிந்தது,
பள்ளி டி.சி.யைப் போல:
யாருக்கு, யார் கொடுத்தது, எந்த நாளிலிருந்து, எதுவரை.
'கெடு முடியலியே. போன மாசந்தான் ஆரம்பிச்சிருக்கு' என்றாள்.
'அப்ப இந்தப் பெட்டிக்கு இன்னைக்கு என்ன தேதி?'

திரையின் வலது ஓரத்தில்
'ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், கடன் கேட்காதீர்'
நானே ஒட்டிய சீட்டு.
நகத்தால் உரித்தாள்.
அடியில்
2009 ஜனவரி 1.

அவள் சிரித்த சிரிப்பில் ரஃபீக் வாணலியை விட்டு வந்தான்.
'நான் ஜூலையில பிறந்தவ அண்ணாச்சி.
இதுக்கு நானே இன்னும் வரல.
இல்லாத பிள்ளைக்கு எப்படி அட்மிஷன் தரும்?'

பாவம், அது பொய் சொல்லவில்லை.
தனக்குத் தெரிந்த தேதியில் நின்றுகொண்டு
நாளைக்கு வரப்போகும் ஆவணங்களையெல்லாம்
போலி என்று கைகாட்டியது.
உலகத்தில் உள்ள வங்கி, ரயில், ஆதார், எல்லாம் கள்ளன்,
அது ஒன்றே யோக்கியன்.
அப்படி இரண்டு பேரை எங்கள் சங்கத்திலேயே எனக்குத் தெரியும்.

தேதியை மாற்றுவதற்கு முன் ஒரு கணம் நின்றேன்.
2009இல் நான் இந்தக் கடைக்கு முன்பணம் கொடுக்கவில்லை.
சுடலைமுத்து என்னோடு டீ குடிக்கிறார்.
'அண்ணாச்சி, மணி ஒன்பதரை' என்றாள்.

மாற்றினேன். பூட்டுச் சின்னம் வந்தது.
பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி.
அதை மட்டும் அவளே தட்டெழுதினாள்,
ஒவ்வொரு எண்ணாக.

மறுநாள் கடிகாரக்கடை நஜீப் பெட்டியைத் திறந்து
எட்டணா போல ஒரு பேட்டரியைக் கிள்ளி எடுத்தான்.
செத்து எத்தனை நாளோ.
கரண்ட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.
புதியது நாற்பது ரூபாய்.

பழையது என் சட்டைப்பையில் கிடக்கிறது.
சீட்டைத் திரும்ப ஒட்டினேன்,
இந்த முறை இடது ஓரத்தில்.
சுடலைமுத்துவுக்கு மாதம் ஐந்நூறாவது கொடுக்கலாமா என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
முதலில் சாலையைக் கடக்க வேண்டும்.