நீல மூடி

குதிகாலுக்கென்று வாங்கினேன்.
அது ஒன்றுதான் நடக்கவில்லை.

மதுரையில் ஏது குளிர் என்பவர்கள்
மார்கழியில் காலை ஐந்து மணிக்குத்
தெற்குவாசல் பாலத்தடிக்கு வந்து
என்னோடு தெருக்கூட்டிப் பார்க்கட்டும்.
பனி முதலில் பாதத்தைப் பிளக்கும்.
பிளந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் போய் உட்காரும்.
அப்போது வாயில் வருவதை
இங்கே எழுத முடியாது.

பத்து ரூபாய் டப்பா. வாசலின்.
திறந்தால் அப்படியொரு வழவழப்பு,
விரல் வைக்கவே கூச்சமாயிருந்தது.
நாளைக்கு ஆகட்டும் என்று மூடிவைத்தேன்.

மறுநாள் நடுவில் ஒரு பள்ளம்.
மகள் சுபிக்ஷாவின் சுண்டுவிரல்.
உதட்டுக்கு, இமைக்கு,
அடங்காத புருவத்துக்கு,
செண்டு தங்குமென்று மணிக்கட்டுக்கும்.
பள்ளிக்கூடத்தில் லிப்ஸ்டிக்தான் கூடாதாம்,
மினுமினுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையாம்.
வக்கீலுக்குப் படிக்கட்டும் அவள்.

அதற்கடுத்த நாள் பச்சையாய் ஒரு தூள்.
வீட்டுக்காரர் சோணைமுத்து
ஆட்டோ பேட்டரி முனையில் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு
அதே விரலை உள்ளே விட்டிருக்கிறார்.
"பெட்ரோலுக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சிடி,
வண்டிக்கும் பங்கு உண்டு."
பங்க்கில் அண்ணன் லிட்டருக்கு நூறுக்கு மேல் கேட்கிறான்,
தங்கச்சி பத்து ரூபாய்க்கு வீட்டோடு வந்துவிட்டாள்
என்று அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அப்புறம் அவர் கை நிற்கவில்லை.
கதவுக் கீல் கத்துவதை நிறுத்தியது.
(ராத்திரி அவர் எப்போது வருகிறார் என்று
இப்போது தெரிவதில்லை. அதை வேறு நாள் பேசுவோம்.)
குழாய் மரை, சைக்கிள் பூட்டு, பேண்ட் ஜிப்.
சீனி டப்பா நிற்கும் முக்காலிக்குக்
காலுக்கொரு வளையம்.
எறும்பு அதுவரை வந்து,
நின்று யோசித்து, திரும்பும்.

கீழ்வீட்டு நூர்ஜஹான்
கல்யாண வளையல் கழலாமல் கை வீங்கி வந்தாள்.
கழற்றிக் கொடுத்தேன்.
போகும்போது பேரனின் தொடைச் சிவப்புக்கென்று
கொஞ்சம் கேட்டாள்,
பேட்டரி தொடாத பக்கமாய்ப் பார்த்து
ஸ்பூனால் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான்
மிஷின் என்னைத் தெரியாது என்றது.

பெருவிரல் வைத்தேன். சிவப்பு விளக்கு.
சேலையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
இடது கை. சிவப்பு.
சூப்பர்வைசர் மதிவாணன் நல்ல மனுஷன்தான்.
"ரேகையே இல்லையேக்கா" என்றார்,
ஏதோ நான் வீட்டில் மறந்து
வைத்துவிட்டு வந்த மாதிரி.
இரண்டு நாள் கூலி கணக்கில் ஏறவில்லை.
தெரு மட்டும் சுத்தமாயிருந்தது.

ராத்திரி டப்பாவைக் கேட்டேன்.
புத்தகப் பையிலிருந்து வந்தது.
அடியில் கொஞ்சம்,
பேட்டரி வாசம், செண்டு வாசம்,
யோசிக்காத ஒரு எறும்பு.
வழித்துப் பத்து விரலிலும் பூசி,
கழுவிய பால் கவரில் கையை விட்டு,
ரப்பர் பேண்டு போட்டுப் படுத்தேன்.
கொசு கடித்தால் சொறிய முடியாது.
போர்வையை இழுக்க முடியாது.
சோணைமுத்துதான் இழுத்துவிட்டார்,
சிரிக்காமல்.

மூன்று ராத்திரி.
நாலாம் நாள் டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தேன்.
பெருவிரல் நுனியில் மெல்லிசாய் வரிவரியாய்,
வைகையில் தண்ணீர் வடிந்தபின்
மணலில் நிற்குமே, அப்படி.

பச்சை விளக்கு.
மதிவாணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"எண்ணெய்க் கையோட வைக்காதீங்கக்கா" என்றார்.

பின்னால் நின்ற பேச்சியம்மாளுக்குச் சிவப்பு.
அவளுக்குப் பின்னால் இருளாயிக்கும்.
"நீ என்னத்தப் போட்ட?"

புது டப்பா வாங்கினேன்,
இந்தத் தடவை சத்தியமாய்க் குதிகாலுக்கென்றே.
மடியில் கட்டிக் கொண்டுபோனேன்.
பாலத்தடியில் அது கைமாறிக் கைமாறி
வரிசையின் கடைசி வரை போய்த்
திரும்பி வந்தபோது
உள்ளே ஏழு பள்ளம்.
எட்டாவதாய் என் விரலை விட்டேன்.

குதிகால் இருக்கட்டும்.
அதை இன்னும் யாரும்
மிஷினில் வைக்கச் சொல்லவில்லை.