லக்கேஜ்

கிருமாம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து
நரம்பைக்கு வந்து சேர்ந்த பிறகும்
காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது கன்வேயர்.
நெய்வேலிச் சுரங்கத்தில் பதினேழு வருஷம்.
என் ஷிஃப்ட் முடிந்தாலும் அதன் ஷிஃப்ட் முடிவதில்லை.
கடல் சத்தம் இவ்வளவு பெருசா இருக்கே என்றாள் தமயந்தி.
எனக்கு முதல் நாள் அது கேட்கவேயில்லை.

அஞ்சலாட்சி வாடகைக்கு விடும் அறை.
ஒரு கட்டில், முனகும் மின்விசிறி,
சவுக்குத் தோப்பைப் பார்த்த ஜன்னல்.
டிவி எங்கே என்று கேட்டேன்.
வாசல்லதான் இருக்கு என்று கிழக்கே கை காட்டிவிட்டு
ஏலத்துக்கு ஓடினாள் கூடையோடு.
கதவின் உட்புறம் சாக்பீஸில் அவள் எழுத்து:
தை மாசி பங்குனி
ராத்திரி வெளி லைட்டு போடாதே.
காரணம் எழுதவில்லை.
எழுதியிருந்தால் வாதாடியிருப்பேன்.

இரண்டாம் நாள்
அடம்பங்கொடி படர்ந்த மேட்டில் மல்லாந்து கிடந்தேன்.
பக்கத்தில் ஒரு நண்டு
வளைக்குள்ளிருந்து மண்ணை உருட்டி உருட்டி
வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.
நானும் அதைத்தான் செய்கிறேன், சம்பளத்துக்கு.
அலை வந்து மூடியது.
நண்டு யாருக்கும் மனு எழுதவில்லை,
மறுபடி உருட்டியது.
எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டே வந்தவன்
எண்ணுவதை எங்கே விட்டேனோ,
அங்கேதான் பெல்ட் நின்றிருக்க வேண்டும்.
கண் திறந்தபோது
கடல் மட்டும் இருந்தது, சத்தத்தோடு.

அப்போதுதான் தமயந்தியின் அலறல்.
குதிகாலில் பழுப்புக் கண்ணாடி,
அரை விரல் நீளம்.
புதுச்சேரி என்றாலே எங்கள் ஊரில் கண்ணடிப்பார்கள்.
இருபது வருஷத்துக்கு முன் நாங்கள் நாலு பேர்,
இதே கரையில் எங்கேயோ,
காலி பாட்டிலை யார் தூரமாய் எறிவது என்று பந்தயம்.
ஜெயித்தவன் நான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
மஞ்சள் வைத்துக் கட்டினேன்,
கட்டு கொஞ்சம் இறுகிவிட்டது.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் இருக்கும்,
ஒன்றுக்குப் போக எழுந்தேன்.
கை சுவிட்சில். சாக்பீஸ் எழுத்து நினைவு வந்தது.
இருட்டிலேயே இறங்கினேன்.
யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம்.
எனக்கு முன்னே தேசிங்கு குந்தியிருந்தார்,
பற்றவைக்காத பீடி உதட்டில்.
அசையாதே என்று ஒரு விரல்.
ஆமை தன் பாட்டுக்குத் தோண்டியது,
எங்கள் எந்திரங்களில் எதுவும் தோண்டாத பொறுமையில்.
வந்த வேலையை மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

விடிந்து பார்த்தால் மணலில்
சங்கிலிச் சக்கர வண்டி கடலேறிப் போன தடம்.
தேசிங்கு மூன்று சவுக்குக் குச்சி நட்டிருந்தார்.
குச்சியிலிருந்து தண்ணீர் வரைக்கும் பொறுக்கினேன்.
பிறகு இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.
கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, வலைத் துண்டு,
பல் இல்லாத சீப்பு.
அரிசிச் சாக்கு நிறைந்தது.
குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்,
அதுவரைக்கும் நாய் விடாது என்றாள் அஞ்சலாட்சி.
அதனால் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.
கிணுகிணு என்றது.
லக்கேஜ் போட்டார், ஒரு மாதிரிச் சிரிப்போடு.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறியது.
யாருதுய்யா இது?
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
பிரித்தார். கையை விட்டார். சட்டென்று எடுத்தார்.
ஒரு சொட்டுகூட இல்லையே?
இல்லை சார்.
உடைஞ்சதை வச்சுகிட்டு என்ன பண்ணப்போறே?

பதில் எனக்கும் தெரியவில்லை.
தமயந்திதான்
மஞ்சள் கட்டுப் போட்ட காலைத் தூக்கி
எதிர் சீட்டின் மேல் வைத்தாள்.