சாரஸ் என்று முடிகிறவை

ஜூலை பாதி போய்விட்டது,
அம்மாவைத் தாண்டி ஆட்டுக்கு வரவில்லை எவரும்.
தூத்தூரில் ஒன்றாம் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள்.
ஜன்னலுக்கு அப்பால் தடுப்புச் சுவர்க் கற்கள்,
கற்களின் மேல் ஏறி ஏறி விழும் அலை.
அவர்கள் அலை பார்த்தார்கள்.
நானும்தான்.

ரெக்ஸன் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பொம்மை.
பிடுங்கி மேசையில் வைத்தேன். இது என்ன?
'பல்லி' என்றான். 'வலிய பல்லி.'

மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே
போனில் தேடினேன்.
இரவு, பழைய காலண்டர் தாள்களின் பின்புறம்
ஒரு படம், ஒரு பெயர், ஒரு வரி.

மறுநாள் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு
வாசிக்கத் திரும்பினால் நாக்கு புரளவில்லை.
பா. கி. செ. ப.
விரல் வைத்து, எழுத்து எழுத்தாக,
நான்.
பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது.
'டீச்சருக்கும் தெரியாது!'
'டீச்சரும் கூட்டிக் கூட்டி வாசிக்கு!'
அலை அதன் பாட்டுக்கு வந்து போயிற்று.

தலைதான் மாறுகிறது, வால் ஒன்றே என்று
கண்டுபிடித்தவள் அபிஷா.
ஸ்டெகோ-சாரஸ், முதுகில் தட்டு நட்டது.
அங்கைலோ-சாரஸ், வால் நுனியில் குண்டாந்தடி.
பிராக்கியோ-சாரஸ், தென்னை உயரத்துக் கழுத்து,
தின்பது தழை மட்டும்.
ட்ரைசெராடாப்ஸுக்கு மூன்று கொம்பு.
'சாரஸ் எங்க டீச்சர்?' 'அறுந்து போச்சுல.'

தட்டுக்காரர், கொம்புக்காரர், நெடுங்கழுத்தர்,
வாத்துமூக்கர், முட்டுமண்டையர்.
தரையில் ஐந்து கூடை.
ஏலக்கரையில் சாளை வேறு அயிலை வேறாகப் பிரிக்கும்
அம்மாக்களின் கை
அப்படியே இவர்களுக்கும் இருந்தது.
தவறிப்போய் வேறு கூடையில் விழுந்த அட்டையை
வாசித்துத்தான் எடுக்க வேண்டும். வாசித்தார்கள்.
வாசிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

துடுப்புக் கால்களோடு ஒன்றைக் காட்டினேன்.
பிளீசியோசாரஸ். வால் எழுத்து உண்டு,
ஆனால் இது டைனோசர் இல்லை.
ஏன் என்று நான் சொல் தேடுவதற்குள் அபிஷா,
'ஓங்கில் மீனில்லல்லா, அதுபோல.'
ஆறாவது கூடை வைத்தோம்.

அலுவலர் வந்தார். பலகையைப் பார்த்தார்.
'ஸ கடைசியில வர்ற எழுத்தாச்சே டீச்சர்,
அ எங்கே போச்சு?'
அங்கைலோசாரஸில் இருக்கிறது சார், என்றேன்.
பதிவேட்டில் ஏதோ எழுதினார்.
அதை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

'இப்போ எங்க இருக்கு இதெல்லாம்?'
இல்லை. செத்துப் போய்
ஆறு கோடியே அறுபது லட்சம் வருடமாயிற்று.
ரெக்ஸன் கையைத் தூக்கினான்.
'எக்க அப்பா கடலுக்குப் போயி நாப்பது நாளாச்சு.
அதைவிடக் கூடுதலா?'
கூடுதல்.
விரல்களை மடக்கினான், நிமிர்த்தினான்.
'அப்போ வராது' என்றான்.
டைனோசரைத்தான் சொன்னான்.
சாக்பீஸை எங்கே வைப்பது என்று
எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

எல்லாம் போகவில்லை, என்றேன்.
மூன்று விரல் ஊன்றி இரண்டு காலில் ஓடிய கூட்டத்தில்
ஒரு கிளை இறகு முளைத்துத் தப்பியது.
உங்கள் வீட்டுக் கோழி அந்த வம்சம்.
யாரும் நம்பவில்லை.
'கோழியா? எங்க செவலையா?'

திங்கட்கிழமை
தினசரித் தாளில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான் ரெக்ஸன்.
ஞாயிற்றுக் குழம்புக்குத் தப்பிய கால்.
மூன்று முன்னே, குட்டியாய் ஒன்று பின்னே.
காலை எல்லோரும் பிடுங்கிக்கொண்டு ஓட
அவன் மட்டும் தாளோடு நின்றான்.
மஞ்சள் கறைக்கு மேலே கறுத்த தலைப்பு.
'இதிலயும் ஸ் இருக்கு டீச்சர்.'
விரல் ஊர்ந்தது.
போ.
லீ மட்டும் நான் சொன்னேன்.
ஸ்.
போலீஸ்.

நிமிர்ந்து கேட்டான்,
'இது எந்தக் கூட்டம்?'