கழுவிய நீர்

கொம்பனித்தெரு, வொக்சோல் வீதி, மூன்றாம் மாடி.
காலை எட்டுக்கு நூற்றிருபது கோப்பை
நீட்டு மேசையில் வரிசை கட்டி நிற்கும்.
வில்பிரட் ஐயா கரண்டியால் அள்ளி
சர்ரென்று உறிஞ்சுவார், அண்ணத்தில் உருட்டுவார்,
சில்லு வைத்த துப்பல் தொட்டியில் துப்புவார்.
ஒரு மிடறும் உள்ளே போகாது.
"வெளிச்சம் இருக்கு" என்பார். "கொஞ்சம் கருகல்" என்பார்.
கிளார்க் பொடியன் எழுதுவான்.
நான் கழுவுவேன்.

தேயிலை உங்களுக்காக நித்திரை கலைப்பதில்லை,
ஐயாதான் ஒருநாள் சொன்னார்.
தன்னைக் கடிக்க வரும் புழுவுக்கென்று
செடி இலைக்குள் வடித்து வைத்த நஞ்சு அது.
புழு துடித்துச் சாகும். நாம் விழித்துக்கொள்வோம்.
"எல்லாம் உடம்பின் பருமன்தான், புஷ்பராணி."
என் பெயர் அவருக்குத் தெரியும் என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கீழ்மாடி ஹில்மியின் கந்தோர்.
அங்கே வியாபாரம் இலை அல்ல, விதை.
எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கு, சீனத்துச் சாக்குகளில் வந்து
புத்தளத்து இறால் குளங்களுக்குப் போகும்.
கரைத்து ஊற்றினால் களவாய் நுழைந்த மீன் மட்டும்
செவுள் விரிந்து மேலே வருமாம்;
இறால் எதுவும் நடவாததுபோல் மேயுமாம்.
"மீனின் இரத்தம் சிவப்பு, இறாலுக்கு நீலம்.
இந்த நஞ்சுக்கு நிறம் பார்க்கத் தெரியும், அக்கா."
ஹில்மி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
இந்த ஊரில் ஆள் பார்த்துக் கொல்வது புதினமா?

ஏலத்துக்கு முந்தின கிழமை
கோப்பை இருநூறாகியது.
சவர்க்காரத் தூள் தீர்ந்துவிட்டது,
ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் லீவு.
பிண்ணாக்கு நுரைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.
மாதிரிப் பொட்டலம் ஒன்றைக் கேட்காமல் எடுத்தேன்.
நுரைத்தது. ஐயோ, என்னமாய் நுரைத்தது!
முழங்கைவரை வெள்ளை.
ஆறு வருசத்துச் சாயக்கறை
பீங்கானைவிட்டு வழுக்கிப் போனது.
அந்த நேரம் நான் பாடினேனோ என்னவோ.

மறுநாள் ஐயா ஏழாம் கோப்பையில் நின்றார்.
மீண்டும் உறிஞ்சினார். முகம் சுளித்தார்.
"ஏதோ தொண்டையைப் பிடிக்குது."
பொடியன் எழுதினான்.
அந்தத் தோட்டத்து லொட்டுக்கு
கிலோவுக்கு எட்டு ரூபாய் விழுந்தது.
அட்டையைத் திருப்பிப் பெயர் பார்த்தேன்.
என் தங்கச்சி கொழுந்தெடுக்கிற தோட்டமில்லை.
ஆனாலும் யாரோ ஒருத்தியின் தங்கச்சி.

என் குழாயின் நீர் பின்முற்றத்துக்கு இறங்கும்.
வரட்சியில் வோட்ச்சர் சிறிபால அதைத் திருப்பி
தாமரைத் தொட்டிக்குள் விட்டிருந்தான்.
தொட்டியில் மாநகரசபை தந்த கப்பி மீன்கள்,
டெங்கு நுளம்பின் குடம்பிகளைத் தின்ன.

புதன்கிழமை அவை பக்கவாட்டில் மிதந்தன,
நெல்லுமி அளவு வயிறுகள்.
அடுத்த திங்கள் தண்ணீர் முழுக்கத்
தலைகீழாய்த் தொங்கி நெளிந்தன குடம்பிகள்,
கொழுகொழுவென்று. அவற்றை ஒன்றும் செய்யவில்லை அது.

பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
கம்பனிக்குத் தண்டம். கம்பனி சிறிபாலவுக்கு.
"மீனுக்குச் சாப்பாடு போட்டேனே மிஸ்,"
என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.
நான் கோப்பைத் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்,
பிழிய ஒன்றும் இல்லாத துணியை.

சம்பளத்தன்று தெமட்டகொடையில் இறங்கி
ஆறு கப்பி வாங்கினேன்.
பஸ்ஸில் மடிமேல் பொலித்தீன் பை.
பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கு நீண்டது.
எங்கிருந்தோ ஒரு நுளம்பு வந்து
பையின் வெளிப்பக்கம் அமர்ந்தது.
உள்ளே ஆறு வாய்களும்
ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்பின.