அரை மெகாபைட்

வாங்கியது ஒரு மெகாபைட்டில் பாதி.
அறுபத்துமூன்று யூரோ. தபால் தனி, சுங்கம் தனி,
ஷார்ஜாவுக்குப் போனில் சொன்ன பொய் தனி:
மிக்ஸிக்கு மோட்டார் போயிருச்சு.

இயந்திரம் மாமுவுடையது. எண்பத்தொன்பதில்
டைப்ரைட்டர் என்று சொல்லி
மீனம்பாக்கம் சுங்கத்தைத் தாண்டியது.
அமிகா ஐந்நூறு. இப்போது ரஸ்க் நிறம்.
ஜன்னல் சாத்தியிருந்தாலும் கீழக்கரைக் காற்று
அதன் காதுகளுக்குள் போய் உப்பு வைக்கும்.
லேபில் ஸ்லைடு துடைக்கிற ஸ்பிரிட்டால்
வெள்ளிதோறும் துடைத்தெடுப்பேன்.

அதன் வயிற்றடியில் ஒரு கதவு இருக்கிறது.
திருப்பிப் போட்டால்தான் தெரியும்.
உள்ளே காலி. வருகிறேன் என்ற யாருக்கோ
முப்பத்தைந்து வருஷமாகப் பிடித்துவைத்த
பஸ் சீட் மாதிரி.
அந்த அளவுக்கு ஒரு போர்டு செய்தார்கள்,
நினைவைக் கூட்ட. கூடவே ஒரு கடிகாரம்,
கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி.
பேட்டரிதான் பிற்பாடு அழும். அழுத இடத்தில்
செம்பு பச்சையாகிச் சாகும்.

ஹங்கேரியில் ஒருவர் ஏலம் விட்டார்.
சோதிக்கவில்லை, வேலை செய்யலாம் என்றார்.
ராத்திரி ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
நானும், பெயருக்குப் பதில் நட்சத்திரங்கள் போட்ட ஒருவனும்
ஒவ்வொரு யூரோவாக ஏறினோம்.
பிரேசில்காரனாக இருக்கும் என்று திட்டினேன்,
தமிழில், சத்தமில்லாமல், பிள்ளை தூங்குகிறாள்.
அறுபத்துமூன்றில் அவன் அடங்கினான்.

பார்சல் வந்தது. பிரித்தேன்.
கடிகாரமே இல்லாத வகை. ஒரு கீறலில்லை.
பில்லில் என் பெயரும் இல்லை.
ரெமிஜியுஸ், தங்கச்சிமடம்.
நாற்பத்தெட்டு யூரோ.

ஹங்கேரிக்காரரிடம் இரண்டு இருந்திருக்கிறது.
தோற்றவனுக்கு மலிவாகக் கொடுத்திருக்கிறார்.
உறை மாறிவிட்டது.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.
போர்டில் பெயர் எழுதியிருக்கிறதா என்ன.
ஆனால் எனக்கு ரத்த ட்யூப்களில் பெயர் ஒட்டுகிற வேலை.
மாறினால் என்ன ஆகும் என்று தெரியும்.

மூன்றாம் நாள் ராமநாதபுரத்தில் பஸ் மாறி
உச்சிப்புளி, மண்டபம், பாலம்.
பையை மடியிலிருந்து இறக்கவில்லை.
நடுப்பாலத்தில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.
நான் ஜிப்பைப் பார்த்தேன்.

ஐஸ் கம்பெனி எலக்ட்ரீஷியன்.
கையில் டெஸ்டருடன் வந்தார்.
நீங்கதானா அந்த ராத்திரி ரெண்டு மணி?

என் போர்டு அவர் மேஜையில் கிடந்தது.
பேட்டரி எப்போதோ அழுது முடித்திருக்கிறது.
அதை வெட்டி எடுத்து, வினிகரால் கழுவி,
அறுந்த ஐந்து தடங்களுக்கு நீலக் கம்பி இழுத்திருந்தார்.
மயிரிழை. ஓரிடத்திலும் ஈயம் வழியவில்லை.

பில்லில் என் பேரைப் பார்க்கலியா என்றேன்.
பார்த்தேன். அதுக்குள்ள வினிகர் கையில இருந்துச்சு.

நல்லதை நீங்களே வச்சுக்குங்க என்றார்.
அறுபத்துமூணு குடுத்தது இதுக்குத்தான் என்றேன்.
அந்த இரண்டு நாளை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது கதவு சாத்தியிருக்கிறது.
திரையின் மேலோரத்தில் மீதி இடம்
எட்டு லட்சத்துச் சொச்சம் என்கிறது.
அதில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

நேற்று அவர் தன் இயந்திரத்தைப் படமெடுத்து அனுப்பினார்.
மூன்று மெகாபைட். என்னுடையதில் ஏற்றினால்
கால்வாசிதான் கொள்ளும்:
மேஜை விளிம்பு, ஒரு டம்ளர்,
சூடு பட்ட கட்டைவிரல் பாதி.

போலந்தில் ஒரு வேகப் போர்டு ஏலத்துக்கு வந்திருக்கிறது.
முதலில் போன் செய்தேன். நீங்க இருக்கீங்களா?
நாப்பது வரைக்கும், என்றார்.
சரி என்றேன்.
ஒன்று ஐம்பதுக்கு அலாரம் வைத்தேன்.

நாற்பத்தொன்று.